காற்றை எண்ணும் வழிகள்: ஒரு 121 கொரோலாவும் மேசை மேல் நாலு மீற்றரும்

ஒரு கிராம் பெற்றோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோலை அளப்பது லேசு. பெற்றோல் வந்து நிற்கும் ரெயில் குழாயில் பிரஷர் நிலையாக நிற்கும், பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெக்கன் திறந்தது என்று என்ஜின் கணினியான ஈசியூவுக்கே தெரியும், கணக்கு அதோடு சரி. காற்றை அளப்பதுதான் பாடு. சூட்டுக்கு விரியும், மலை ஏறினால் மெலியும், எங்கே ஓட்டை கண்டாலும் சத்தமில்லாமல் உள்ளே பூரும். காபரேற்றருக்குப் பதிலாகக் கணினி பெற்றோல் தெளிக்கும் ஈஎஃப்ஐ வந்த காலத்திலிருந்து இதற்கு நாலைந்து வழி பிடித்திருக்கிறார்கள். முன்னால் நிற்கிற வண்டி எந்த வழியில் எண்ணுகிறது என்று பாராமல் ஐட்லிங் வருத்தத்துக்கு வைத்தியம் தொடங்கினால் சாமான் கடைக்குத்தான் லாபம்.

கோண்டாவிலில் எங்கள் கராஜுக்கு வந்த ஒரு ரொயோட்டா 121 கொரோலாதான் இந்த வேலையில் என்னை இறக்கியது. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வேறொரு இடத்தில், காற்றை எண்ணும் எயர்ஃப்ளோ மீற்றரை மாற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

“தம்பி, மீற்றர் புதுசு போட்டாச்சு, வருத்தம் மாறேல்லை. லைற்றில நிக்கேக்க ஆடுது, ரிவேர்ஸ் போட்டா நிண்டு போகப் பாக்குது. பெற்றோலும் முந்தின மாதிரி இல்லை.”

“கழட்டின பழைய மீற்றர் இருக்கோ, மாஸ்டர்?”

“டிக்கியில கிடக்கு. எறிய மனம் வரேல்லை.”

அது நல்லதாய்ப் போயிற்று. ஏன் என்பது பின்னால் வரும்.

மாஸ்டரின் வண்டியைத் தொடுமுன் மேசையில் எல்லா வகை மீற்றரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்குக் கன நாளாக இருந்தது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த கழிவுச் சாமான் பெட்டியில் கதவு வைத்த பழைய ரொயோட்டா மீற்றர் ஒன்றும், மிட்சுபிஷியின் கார்மன் வகை ஒன்றும் கிடந்தன. ரொயோட்டா 5ஏ என்ஜினின் மாப் சென்சர், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றுப் போகும் குழாயான மனிஃபோல்டின் அமுக்கத்தைப் பார்க்கும் சென்சர், எங்கள் அலுமாரியில் எப்போதும் இருக்கும். சூட்டுக்கம்பி மீற்றருக்கு மாஸ்டரின் பழையதே போதும்.

இரண்டு விதமான எண்ணிக்கை

விவரத்துக்குப் போகமுன் ஒன்று. நல்லூர்த் திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிய இரண்டு வழி உண்டு. வாசலில் நின்று உள்ளே போகிற ஒவ்வொருவரையும் எண்ணலாம். அல்லது உள்ளே போய், ஒரு சதுர அடிக்கு எத்தனை பேர் நெரிபடுகிறார்கள் என்று பார்த்து, இடத்தின் பரப்பால் பெருக்கலாம். கதவு, கார்மன், சூட்டுக்கம்பி மூன்றும் வாசலில் நிற்பவை. மாப் சென்சர் உள்ளே நின்று நெரிசலைப் பார்ப்பது. பக்கத்து மதிலில் ஒரு பொட்டு இருந்தால் வாசல்காரனின் கணக்கு குறையும். உள்ளே நிற்பவனுக்கு அவர்களும் கணக்கில் வருவார்கள், ஆனால் எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்று தெரியாது. இனி எழுதப்போவது முழுக்க இதன் விரிவுதான்.

உள்ளே நின்று பார்க்கிற வழிதான் முதலில் கடைக்கு வந்தது. பொஷ் கம்பெனியின் டி-ஜெட்ரோனிக் 1967இல் ஃபோக்ஸ்வாகன் 1600இல் மனிஃபோல்ட் அமுக்கத்தைப் பார்த்துப் பெற்றோல் ஊற்றியது. கதவு வைத்த எல்-ஜெட்ரோனிக் 1970களின் நடுவில் பரவியது, சூட்டுக்கம்பி 1980களின் தொடக்கத்தில். எங்கள் ஊரில் அப்போது ஓடியதெல்லாம் ஒஸ்ரின், மொறிஸ் வகையறா. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அதே கார்களை, ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்கு எண்ணத் தெரியாது. அதனால் எதைக் கொடுத்தாலும் சகித்துக்கொண்டது. இந்தக் காலத்து வண்டி அப்படி இல்லை.

மேசை மேல்

பழைய வாக்யூம் கிளீனர் ஒன்றின் ஊதுகிற பக்கத்தை பிவிசி குழாயில் பொருத்தி, மீற்றர்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கட்டினோம். எல்லாவற்றிலும் ஒரே காற்று போகவேண்டும் என்பதற்காக மூட்டுகளுக்கு சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கிளிப் போட்டது எங்கள் கராஜ் பொடியன். சூட்டுக்கம்பிக்கு 12 வோல்ற் பற்றறியிலிருந்து. கதவு மீற்றருக்கு 5 வோல்ற் வேண்டும், அதைப் ஃபோன் பவர்பாங்கிலிருந்து எடுத்தோம். பவர்பாங்க் 5.1 தருகிறது. இந்தச் சென்சர்களின் விடை கொடுத்த வோல்ற்றுக்கு விகிதமாகத்தான் வரும் என்பதால் வந்த விடையை 5.1ஆல் வகுத்து 5ஆல் பெருக்கிக் கணக்குப் பார்க்கவேண்டும்.

முதலில் கதவு. காற்று தள்ளினால் ஒரு தட்டுக் கதவு ஸ்ப்ரிங்குக்கு எதிராகத் திரும்பும், அதன் அச்சில் ஒரு கை கரித்தடத்தில் உரசி வோல்ற் மாற்றும். கதவுக்கு எதிர்ப்புறம் அதே அளவில் இன்னொரு தட்டு, ஒரு அறைக்குள். வால்வு மூடித் திறக்கும் துடிப்பில் கதவு படபடக்காமல் இருக்க அது பிரேக் போடுகிறது. கறுப்பு மூடியைச் சிலிக்கோன் வெட்டிக் கழற்றியதும் கரித்தடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. வண்டி ஒரே வேகத்தில் ஓடிய ஆண்டுகள் எல்லாம் அந்த ஒரு இடத்தில். கதவை விரலால் மெதுவாகத் திறந்து முள் மீற்றரைப் பார்த்தால் அந்தக் கோட்டில் முள் ஒருமுறை துள்ளி விழும். டிஜிற்றல் மீற்றரில் அது பெரும்பாலும் தெரியாது. இப்படிப்பட்ட வேலைக்கென்றே பழைய முள் மீற்றரை எறியாமல் வைத்திருக்கிறேன். உரசும் கையை நூலளவு வளைத்துத் தேயாத தடத்தில் விட்டால் மீற்றர் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். ஸ்ப்ரிங்கைப் பிடித்திருக்கும் பல்சில்லைத் திருப்பி ‘ட்யூன்’ பண்ணிய மீற்றர்களும் கண்டிருக்கிறேன். ஒரு பல் நகர்ந்தாலும் ஐட்லிங்கிலிருந்து முழு வேகம் வரை எல்லாமே பிசகும். தொடாமல் விடுவதே நல்லது.

இந்த வகையில் இன்னொரு விசேஷம்: பழைய ரொயோட்டா மீற்றருக்குள் பெற்றோல் பம்பின் சுவிச்சும் இருக்கிறது. காற்று கதவைத் திறந்தால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும். மீற்றருக்குப் பின்னால் ஒரு குழாய் கழன்றால் கதவு மூடும், பம்ப் நிற்கும், வண்டி ஸ்ரார்ட் ஆகி உடனே செத்துவிடும். ஒயில் மூடியைத் திறந்து வைத்தாலே சில வண்டிகள் நின்றுபோகும். பம்பை மாற்றினாலும் அந்த வருத்தம் மாறாது.

கார்மன் வகைக்கு அசையும் உறுப்பே கிடையாது. காற்றோட்டத்தில் ஒரு முக்கோணத் தூண் நிற்கும். அதன் பின்னால் இடமும் வலமுமாகச் சுழிகள் மாறி மாறிப் பிறக்கும். தியோடர் ஃபொன் கார்மன் கணித்துச் சொன்ன சுழி வரிசை அது. காற்றின் வேகம் இரட்டித்தால் சுழிகளின் எண்ணிக்கையும் இரட்டிக்கும். சுழிகளை அல்ட்ராசவுண்ட், கண்ணாடி வெளிச்சம், அமுக்கம் என்று பல விதத்தில் எண்ணுகிறார்கள். வெளியே வருவது வோல்ற் அளவு அல்ல, துடிப்பு. ஆகவே மல்ரிமீற்றரை ஹேர்ட்ஸ் பக்கம் திருப்பவேண்டும். வோல்ற் பக்கம் வைத்துவிட்டு ‘மீற்றர் செத்துப் போச்சு’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு.

எங்கள் மேசையில் ஹேர்ட்ஸ் முதலில் ஓரிடத்தில் நிற்கவே இல்லை, ஆடிக்கொண்டே இருந்தது. மீற்றரின் வாயில் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை இருக்கவேண்டும். எங்களுடையதில் யாரோ அதைக் குத்தி எடுத்துவிட்டார்கள், காற்று நன்றாகப் போகட்டும் என்று நினைத்திருப்பார்கள் போல. குளிர்பானக் கடையில் ஒரு கட்டு ஸ்ட்ரோ வாங்கி, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டிக் குழாய்க்குள் நெருக்கமாக அடுக்கினோம். எண் அப்படியே நின்றுவிட்டது. வளைவுக்குப் பின்னால் சுழன்று வருகிற காற்று சுழி எண்ணும் மீற்றரை எப்படிக் குழப்பும் என்று இதைவிட விளக்கமாகக் காட்ட எனக்குத் தெரியாது.

சூட்டுக்கம்பி மீற்றரில் மெல்லிய பிளாட்டினத்தை, வந்துகொண்டிருக்கும் காற்றைவிடக் குறித்த அளவு அதிக சூட்டில் வைத்திருப்பார்கள். காற்று கூடினால் கம்பி குளிரப் பார்க்கும். அதைச் சூட்டில் பிடித்து வைக்கக் கூடுதல் கரண்ட் தேவை. அந்தக் கரண்டே விடை. 121இன் மீற்றரில் ஐந்து பின், காற்றின் வெப்பநிலைச் சென்சரும் அதற்குள்ளேயே. காற்று அசையாதபோது 1 வோல்ற்றுக்குக் கிட்ட நிற்கும். வாயால் ஊதினால் உடனே எழும்பும்.

பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாக்யூம் கிளீனரின் வேகத்தை அப்படியே விட்டு, அது இழுக்கும் வாயில் ஹீட் கன்னைப் பிடித்தோம். மோட்டர் தானே காற்றைக் கொஞ்சம் சூடாக்குகிறது. அதோடு சேர்ந்து குழாய்க்குள் 41 பாகையில் இருந்த காற்று 66க்கு ஏறியது. காற்றாடி ஒரே வேகத்தில் சுற்றுவதால் லீற்றர் கணக்கு மாறாது. ஆனால் சூடான லீற்றருக்குள் காற்று குறைவு, ஏறக்குறைய 7 வீதம். கார்மனின் ஹேர்ட்ஸ் அசையவே இல்லை. சூட்டுக்கம்பி 2.61இலிருந்து 2.55க்கு இறங்கியது. கதவு இரண்டுக்கும் நடுவில், ஒரு மயிரிழை மூடியது. கார்மன் லீற்றரை எண்ணுகிறது, சூட்டுக்கம்பி கிராமை எண்ணுகிறது, கதவு இரண்டும்கெட்டான். கதவைத் தள்ளுவது வேகமும் அடர்த்தியும் சேர்ந்த விசை. அதனால் அடர்த்தி மாறினால் அதன் பாதிதான் கதவுக்குத் தெரியும்.

பொடியன் கேட்டான்: “அப்ப அண்ணை, கார்மன் பிழையோ?”

பிழை இல்லை. அதனால்தான் மிட்சுபிஷி அந்த மீற்றர் உடம்புக்குள்ளேயே வெப்பநிலைச் சென்சரும் வளிமண்டல அமுக்கச் சென்சரும் வைத்தார்கள். லீற்றரைக் கிராமாக்குவது ஈசியூவின் வேலை. யாழ்ப்பாணத்தில் கடல்மட்டம், அமுக்கம் 101 கிலோபாஸ்கலை விட்டு அசையாது, ஆகவே அந்தச் சென்சர் செத்தாலும் ஒருவரும் அறியார். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு லீவுக்குப் போகும்போதுதான் வண்டி கறுப்புப் புகை விடும். அங்கே அமுக்கம் 81க்குக் கிட்ட. ‘ஊரில நல்லா ஓடுது, மலையில இழுக்குதில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வரும்.

மாப் சென்சரைக் காற்றோட்டத்தில் கட்ட முடியாது. அது பார்ப்பது அமுக்கத்தை. விசி (5 வோல்ற் போவது), பிம் (விடை வருவது), ஈ2 (எர்த்) என்று மூன்று பின். கை வாக்யூம் பம்பைக் குழாயில் பொருத்தி இழுத்தோம். ஒன்றும் இழுக்காதபோது 3.6 வோல்ற், பிறகு ஒவ்வொரு 100 மில்லிமீற்றர் பாதரசத்துக்கும் ஏறக்குறைய 0.4 வோல்ற் படி குறைந்துகொண்டே வந்தது. நேர்கோடு. நம்பி வேலைக்கு எடுக்கலாம்.

இரண்டு எண்ணிக்கையை ஒன்றோடொன்று மோதவிடுதல்

121இல் தொழிற்சாலை வைத்தது சூட்டுக்கம்பி மட்டும். மனிஃபோல்டிலிருந்து வருகிற ஒரு சிறு வாக்யூம் குழாயில் ‘ரீ’ மூட்டு போட்டு அந்த 5ஏ மாப் சென்சரைக் கூடுதலாகக் கட்டினோம். வண்டி தன் மீற்றரால் எண்ணும், நாங்கள் பக்கத்தில் நின்று வேறு வழியால் எண்ணுவோம். முதலில் வருத்தமில்லாத ஒரு 121. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஒயில் மாற்ற விட்டிருந்தார், அவரிடம் கேட்டுத்தான் செய்தது. மீற்றர் சொல்வதை ஈசியூவிலிருந்து வாசிக்க ஒரு ஸ்கானர் வேண்டும். யப்பானிலிருந்து நேரே வந்த பல வண்டிகளோடு மலிவு புளூருத் அடப்ரர் பேசாது. ரொயோட்டா யப்பான் பட்டியல் தெரிந்த ஸ்கானர் வேண்டும்.

சூடான என்ஜின், நிமிடத்துக்கு 700 சுற்று, ஏசி இல்லை. மீற்றர் சொன்னது செக்கனுக்கு 2.0 கிராம். மாப் 30 கிலோபாஸ்கல், உள்ளே போகும் காற்று 45 பாகை. மாஸ்டர் கதிரையை இழுத்துப்போட்டு, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கணக்கைத் தொடங்கிவிட்டார். 1.497 லீற்றர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்பும். 700 சுற்றுக்கு செக்கனுக்கு 8.73 லீற்றர். 30 கிலோபாஸ்கலில் 45 பாகைக் காற்று லீற்றருக்கு 0.329 கிராம். பெருக்கினால் 2.87.

“2.87 எங்கை, 2.0 எங்கை? உன்ரை சென்சர் பிழை தம்பி.”

சென்சர் பிழையில்லை. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முழுதாக நிரம்புவதில்லை. பழைய புகை கொஞ்சம் உள்ளே மிஞ்சும், வால்வு இடுக்கில் காற்று தடங்கும். 2.0ஐ 2.87ஆல் வகுத்தால் 0.70. அதுதான் அந்த வேகத்தில் அந்த என்ஜினின் நிரம்பும் விகிதம். 2500 சுற்றில் நின்றபடி ரேஸ் பண்ணியபோதும் 0.70க்குக் கிட்ட வந்தது, மீற்றர் 6.2 கிராம். ஆனையிறவு தாண்டி நேர்வீதியில் 3000 சுற்றில் முழுக்க மிதித்த கணம் 0.87. மாப் சென்சர் வைத்த வண்டியின் ஈசியூவுக்குள் இந்த விகிதங்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ஒரு பெரிய அட்டவணையாக எழுதப்பட்டிருக்கும். அட்டவணை புது என்ஜினுக்கு எழுதியது. ரைமிங் பெல்ற் ஒரு பல் மாறினால், சைலன்சர் அடைத்தால், வால்வு இடைவெளி பிசகினால் அட்டவணைக்கு அது தெரியாது. அதன்பாட்டில் பழைய கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்கும். சூட்டுக்கம்பிக்கு அந்தக் கவலை இல்லை. என்ஜின் குறைவாக இழுத்தால் குறைவாகத்தான் எண்ணும்.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு கசிவு. ஒரு ரப்பர் அடைப்பானில் ஒன்றரை மில்லிமீற்றர் ட்ரில்லால் துளை போட்டு மனிஃபோல்ட் வாயொன்றில் செருகினோம். மீற்றர் 2.0இலிருந்து 1.75க்கு இறங்கியது. காற்று வாசலைத் திறந்து மூடும் தட்டான த்ரொட்டிலின் பக்க வழியை ஈசியூ கொஞ்சம் மூடி ஐட்லிங்கைப் பிடித்துக்கொண்டது, வாசலால் வருவது குறைந்துவிட்டது. மாப் 31க்கு ஏறியது. எங்கள் கணக்குப்படி சிலிண்டருக்குப் போவது 2.08. இரண்டுக்கும் இடைவெளி 0.33 கிராம், அந்தத் துளையால் போகிற காற்று அது. ஃபியூவல் ட்ரிம், அதாவது ஒட்சிசன் சென்சரைப் பார்த்து ஈசியூ கூட்டிக் குறைக்கிற வீதம், ஐட்லிங்கில் +18. 2500 சுற்றில் வெறும் +5.

இந்த இறக்கத்துக்குக் காரணம் உண்டு. மனிஃபோல்ட் அமுக்கம் வெளியமுக்கத்தின் பாதிக்குக் கிட்டவோ அதற்குக் கீழோ இருக்கும்வரை துளையால் காற்று ஒலியின் வேகத்தில் போகிறது. அதற்குமேல் வேகம் கூட வழியில்லை. ஆகவே 0.33 ஐட்லிங்கிலும் 0.33, 2500இலும் 0.33. 2 கிராமுக்குள் அது பெரிய பங்கு, 6 கிராமுக்குள் சின்னப் பங்கு. ஐட்லிங்கில் கூடி, ரேஸ் பண்ணினால் தணிகிற ட்ரிம் என்றால் த்ரொட்டிலுக்குப் பின்னால் கசிவு என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

அதே சோதனையை ஒரு 110 கொரோலாவில், 5ஏ என்ஜின், மாப் மட்டும், செய்தபோது பொடியன் சிரித்துவிட்டான். சிறு துளைக்கு அது அசையவே இல்லை. 4 மில்லிமீற்றர்க் குழாயை முழுதாகக் கழற்றிவிட்டோம். ஐட்லிங்குக்கு வேண்டிய அளவு காற்று அதாலேயே போகும். ஐட்லிங் 1700க்கு எகிறியது. கூடிய காற்றும் அமுக்கத்தில் தெரிவதால் அதற்கும் சேர்த்துப் பெற்றோல் ஊற்றப்பட்டது, கலவை பிசகவில்லை. கால் எடுத்திருக்கிறது, சுற்று மட்டும் அதிகம் என்று கண்ட ஈசியூ பெற்றோலை வெட்டியது. சுற்று விழுந்ததும் திரும்ப ஊற்றியது. ஏறும், விழும், ஏறும், விழும். அதே குழாயை 121இல் கழற்றினால் வண்டி திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. ஒரே ஓட்டை, ஒரு வண்டியில் ஐட்லிங் கூடுகிறது, மற்றதில் என்ஜின் சாகிறது.

மாஸ்டரின் வண்டி

இப்போது மாஸ்டரின் கொரோலா. ட்ரிம் ஐட்லிங்கில் +21, 2500இல் +19. தணியவில்லை, இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒன்று. செக் லைற் எரியவில்லை. மீற்றரும் மாப் கணக்கும் சேர்ந்து தந்த விகிதம் 0.58, நல்ல வண்டியில் 0.70. என்ஜின் இழுக்கும் காற்றில் ஆறில் ஒரு பங்கை மீற்றர் எண்ணவில்லை. த்ரொட்டிலுக்குப் பின்னால் கசிவென்றால் 2500இல் ட்ரிம் விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. அப்படியென்றால் மீற்றர் குறைத்துச் சொல்கிறது, அல்லது மீற்றருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவில் வெடிப்பு. நடுவில் உள்ள வெடிப்பால் போகும் காற்று என்ஜின் எவ்வளவு இழுக்கிறதோ அந்த விகிதத்திலேயே கூடும், ஆகவே வீதம் மாறாது. முன்னர் பார்த்தவர்கள் ‘எல்லா வேகத்திலும் ஒரே வீதம், மீற்றர்தான்’ என்று முடிவெடுத்ததற்கும் இதே காரணமாக இருக்கும். பாதி சரியான முடிவு.

இரண்டையும் பிரிக்க ஒரு லேசான வழி உண்டு. என்ஜினை ஆட்டு. பிரேக்கை இறுக்கி மிதித்து ரிவேர்ஸ் போடச் சொன்னேன். என்ஜின் மவுண்டில் ஒரு பக்கம் சாய்ந்ததும் ட்ரிம் +30ஐத் தாண்டியது. மீற்றருக்கு என்ஜின் சாய்வது தெரியாது, ரப்பர்க் குழாய்க்குத் தெரியும். மடிப்பு மடிப்பான அந்த எயர் ஹோஸைக் கழற்றி மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி. அடிப்பக்க மடிப்பை இரண்டு பெருவிரலாலும் விரித்தபோதுதான் வாய் திறந்தது, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வெடிப்பின் இரண்டு உதட்டிலும் செம்மண் தூள். மாஸ்டருக்கு உரும்பிராயில் தோட்டம். வெங்காயக் காலத்தில் அந்த ஒழுங்கைகளில் போய்வருகிற எந்த வண்டியின் ஃபில்ரரும் செங்கல் நிறம்தான். ஆனால் இது ஃபில்ரருக்கு உள்ளே. ஃபில்ரரைத் தாண்டாமலே மண் என்ஜினுக்குள் போயிருக்கிறது.

குழாய் மாற்றியதும் ட்ரிம் +8க்கு இறங்கி அங்கேயே நின்றது. விகிதம் 0.65. ரிவேர்ஸில் இனிப் பாய்ச்சல் இல்லை. மிச்சம் 8 வீதம்? ஸ்கானர் மட்டும் இருந்தால் ‘10க்குள்ளதானே, போகட்டும்’ என்று விட்டிருப்பேன். நல்ல வண்டியின் 0.70 கையில் இருந்ததால் விட மனமில்லை. டிக்கியிலிருந்து மாஸ்டரின் பழைய மீற்றர் வந்தது. உள்ளே கம்பி மணிமேல் மெல்லிய பழுப்புப் படிவு. பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலைச் சிறு சிரிஞ்சால் தொடாமல் தெளித்து, காயவிட்டு, பூட்டினோம். தூரிகை, துணி, கொம்பிரசர்க் காற்று, காபரேற்றர் கிளீனர் ஒன்றும் அதன் பக்கத்தில் போகக்கூடாது. +1. விகிதம் 0.69.

ஆக, பழைய மீற்றர் நல்லது, ஒரு கழுவல் கேட்டது. புதிதாகப் போட்டது பெயரில்லாத நகல், ஏழெட்டு வீதம் குறைத்து எண்ணியது. வருத்தம் குழாயில் இருந்தது. மாஸ்டர் நகல் மீற்றரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“அப்ப இதுக்குக் குடுத்த காசு?”

“அதை வாங்கின இடத்திலதான் கேக்கவேணும், மாஸ்டர்.”

எங்கள் செம்மண்ணுக்கும் உப்புக் காற்றுக்கும் எது நல்லது என்று கேட்டால், நான் மாப் பக்கம். அது காற்றோட்டத்தில் நிற்பதில்லை, மண் படாது. அல்ரோ போன்ற சின்னச் சுசுக்கிகள் ஃபில்ரரே மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் பலவீனம் குழாய்தான். சென்சரை மனிஃபோல்டிலிருந்து தள்ளிப் பூட்டிய வண்டிகளில் அந்தச் சிறு ரப்பர்க் குழாய் வெடித்தால் உள்ளே வாக்யூமே இல்லை என்று ஈசியூ நினைத்துக் கொட்டோகொட்டென்று ஊற்றும். பிளக் நனைந்து கறுக்கும். மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் இன்னொரு சின்னச் சிக்கல்: வெப்பநிலைச் சென்சர் 65 பாகை காட்டும். 30 பாகைக் காற்றோடு பார்த்தால் அது 10 வீதம் குறைவு என்று கணக்காகும். உண்மையில் உள்ளே வருகிற காற்று அவ்வளவு சூடில்லை. சில செக்கன் வண்டி பிடிக்கத் தயங்கும், ஓடத் தொடங்கியதும் சரியாகிவிடும். அதற்காகச் சென்சர் மாற்றவேண்டாம். த்ரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, சுற்று எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்து ஊகிக்கும் வழியும் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிள்களில் அதை மாப் சென்சரோடு கலந்து பாவிக்கிறார்கள். அதை மேசையில் வைத்துக் காட்ட ஒன்றுமில்லை.

மாப் சென்சர், ‘ரீ’ மூட்டு, பவர்பாங்க் வயர் மூன்றையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் நிரந்தரமாகக் கட்டிவிட்டோம். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் 121க்கு 0.70 என்று எழுதியிருக்கிறது. அடுத்து நல்ல நிலையில் ஒரு நிசான் சனி பி15 வந்தால் அதன் எண்ணையும் எடுக்கவேண்டும்.